வளையம் இல்லாத அண்டா

என் வயதுக்காரர்களே, மறைக்காமல் சொல்லுங்கள். கடையில் பில்லை நீட்டினால் அதில் எதைப் படிக்கிறீர்கள்? அடியில் தடித்த எழுத்தில் இருக்கும் மொத்தத்தைத்தானே? நான் மொத்தத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் வரி. மத்திய வரி இவ்வளவு, மாநில வரி இவ்வளவு என்று சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் பிரித்துப் போட்டிருப்பார்கள் அல்லவா, அதை ஒரு விரலால் தடவிக்கொண்டே மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தூக்குவேன். பெரம்பலூர் சூப்பர் மார்க்கெட்டில் எனக்குப் பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். என் மருமகளுக்கு மானம் போகும்.

"அத்தை, கம்ப்யூட்டர் தப்பாப் போடுமா? வாங்க, போலாம்."

போடாது கண்ணு, எனக்கும் தெரியும். சிலர் கோயிலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரிதான் இதுவும். நான் போட்டுக்கொள்வது என் அத்தைக்கு.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பெரம்பலூர் எல்லாம் திருச்சி மாவட்டத்தில் இருந்த காலம் அது. குன்னத்துக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவே எங்கள் ஊர். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெரு. நிலமெல்லாம் மேலத்தெருவில் இருந்தது, அதில் இறங்கி வேலை செய்கிற கைகளெல்லாம் கீழத்தெருவில் இருந்தன. நாங்கள் கீழத்தெரு. வெங்காயம் பிடுங்கவும் பருத்தி எடுக்கவும் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிறவள் அத்தை. கணவனை இளம் வயதிலேயே பறிகொடுத்தவள், இரண்டு பெண்களோடு எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, என்ன உயரம், என்ன குரல்! ஓடைக்கு அக்கரையில் இருக்கும் ஆட்டை இக்கரையில் இருந்தே திட்டுவாள். ஆடும் திரும்பி வரும்.

அவளுடைய மூத்த மகள் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அத்தனை பேருக்கும் சோறு வடிக்கப் பெரிய அண்டா வேண்டும். ஊரில் அது கோயிலில்தான் இருந்தது. கோயில் அண்டா ஊருக்கெல்லாம் பொது என்று பேர். தருவதாக ஒப்புக்கொண்டிருந்த தர்மகர்த்தா, கல்யாணத்தன்று விடிகாலையில், "கீழத்தெருவுக்குக் குடுத்தா மத்தவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்று ஆள் அனுப்பிவிட்டார். டவுனில் வாடகைப் பாத்திரக் கடைக்கு அப்பா சைக்கிளை மிதித்தார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெருவைச் சொன்னதும் பாத்திரம் இல்லாமல் போய்விட்டது. கடைசியில் வீட்டுக்கு வீடு இருந்த சட்டியிலும் பானையிலும் சோறாக்கி, கூடையில் கொட்டிப் பந்தி வைத்தோம். ஒரு இலையில் குழைந்த சோறு, அடுத்த இலையில் பாதி வெந்தது, அதற்கடுத்த இலையில் அடிப்பிடித்தது.

மாப்பிள்ளை வீட்டார் செந்துறைப் பக்கம். அவர்களில் மீசைக்காரர் ஒருவர், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா, இலையை மூடிக்கொண்டே சொன்னார்: "சம்பந்தியம்மா வூட்டுல இலைக்கு ஒரு ருசிப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். பிறகு வைக்கோல் போருக்குப் பின்னால் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் பார்த்துவிட்டேன். அத்தைக்கு அழத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த மகளையும் அதே செந்துறை உறவில் கேட்டு வந்தார்கள். அத்தை சம்மதம் சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே தெருப் பெண்களைக் கூட்டினாள். "இந்தக் கல்யாணத்துச் சோறு நம்ம அண்டாவுல வேவணும். நம்ம தெரு அண்டா. ஒருத்தன் வாசல்லயும் போயி நிக்கப்படாது." தெருவில் இருபது வீடு. வெங்காய வேலை முடிவதற்குள் வீட்டுக்குக் கொஞ்சம் என்று சேர்த்துவிடுவது என்று பேச்சு. அப்பா மட்டும் மூலையில் உட்கார்ந்து பீடியைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"வாங்கிட்டு வந்து? எங்க திருடினேன்னு கேப்பான்."

அப்பா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் அவர் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கியிருந்தார். பச்சை நிறம், தோல் உறை, பக்கத்தில் திருகினால் கொர்ர் என்று ஒரு சத்தம் வந்து அதற்குள்ளிருந்து பாட்டு வரும். கடைக்காரர், "பில்லு போட்டா வரி அஞ்சு ரூவா சேரும். பில்லு வேணாம்னா வெலையோட போச்சு" என்றாராம். அஞ்சு ரூபாய் என்றால் சும்மாவா? அப்பா மிச்சம் பிடித்துக்கொண்டு வந்தார். சில மாதம் கழித்து தர்மகர்த்தா வீட்டு ரேடியோ காணாமல் போனது. அதுவும் பச்சை. அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். "வாங்கினதுக்குப் பில்லு எங்க?" என்று கேட்டார்கள். அப்பா திரும்பி வந்தார், கன்னம் வீங்கி. ரேடியோ திரும்பி வரவில்லை. தர்மகர்த்தா வீட்டு ரேடியோ அவருடைய மருமகன் வீட்டில் பாடிக்கொண்டிருப்பதாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம். எங்களிடம் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

"அதுக்குத்தான் பில்லோட வாங்கறோம் தம்பி" என்றாள் அத்தை.

அவள் பெரம்பலூருக்கு ஒரு நடை போய்ப் பாத்திரக் கடையில் விசாரித்து வந்தாள். நல்ல கனத்த பித்தளை அண்டா, எடைக்கு விலை, அறுநூறு ரூபாய். பழைய பித்தளை கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். ஊரில் கிடந்ததை மனசாலே எடைபோட்டு, இருநூறு தேறும் என்று கணக்குப் போட்டாள். மீதி நானூறு. வீட்டுக்கு இருபது. அப்புறம் வரி. நூற்றுக்கு ஐந்து. உண்மையில் அந்தக் காலத்து விகிதம் அரை ரூபாய் முன்னே பின்னே இருந்திருக்கலாம், எனக்கு நினைவிருப்பதை வைத்துச் சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

வெங்காயக் காட்டில், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, அத்தை இதைப் பெண்களுக்கு விளக்கிய விதம்தான் விசேஷம். நூறு என்று சொன்னால் பாதிப் பேருக்கு மிரட்சி. அவள் இருபது சின்ன வெங்காயத்தை மண்ணில் வரிசையாக வைத்தாள். அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, ஒன்றை வைத்தாள்.

"இது அண்டா. இது வரி. இருபதுக்கு ஒண்ணு. அம்புட்டுத்தான்."

"நம்ம சோறாக்கறதுக்குக் கவர்மெண்டுக்கு எதுக்குக்கா காசு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பெரம்பலூருக்கு எதுல போற? ஒங்கப்பன் போட்ட ரோட்டுலயா?"

சிரிப்பு. எனக்கு அந்தப் பக்கத்து வெங்காயம் இன்றும் கண்ணில் நிற்கிறது. தோல் உரிந்து, ரோஜா நிறத்தில், தனியாக, கொஞ்சம் பெருமையாக. கரிசல் மண் அதன் வேரில் ஒட்டியிருந்தது. பெண்கள் எழுந்து போன பிறகு அதை எடுத்து நான் தின்றுவிட்டேன். அரசாங்க வரியைத் தின்றவள் நான்தான்!

பிள்ளைகளுக்கும் அந்த நோய் தொற்றிக்கொண்டது. புளியங்கொட்டை விளையாட்டில் யார் இருபது ஜெயித்தாலும் ஒன்று வரி என்று சட்டம் போட்டோம். வரியைத் தகர டப்பாவில் போட வேண்டும். இரண்டே நாளில் எல்லாரும் பத்தொன்பதோடு ஆட்டத்தை நிறுத்தப் பழகிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் பிற்பாடு அரியலூரில் சிமெண்ட் கடை வைத்தான் என்றால் ஆச்சரியப்படுவீர்களா?

வீட்டுக்கு இருபது ரூபாயும், அதற்கு வரி ஒரு ரூபாயும், ஆக இருபத்தொன்று. ஒரு பெண்ணின் ஒரு நாள் கூலி மூன்று ரூபாய். பார்த்துக்கொள்ளுங்கள். காபித்தூளை நிறுத்தினார்கள், தலைக்கு எண்ணெயைக் குறைத்தார்கள். ஒரு வீடு பாக்கியில்லாமல் கொடுத்தார்கள். பித்தளையும் வந்தது. நசுங்கிய குடம், திருகு போன கூஜா, கால் உடைந்த விளக்கு, ஓட்டைச் செம்பு. எங்கள் வீட்டில் கொடுக்க இருந்தது ஒன்றே ஒன்று, நான் பால் குடித்த பித்தளை டம்ளர். விளிம்பில் என் பல் பட்ட தடம் வரிசையாக இருக்கும். அம்மா அதைச் சாக்கில் போட்டபோது நான் கத்திய கத்தலில் அத்தை ஓடி வந்தாள்.

"அண்டாவுக்குள்ள முதல் ஆளா நீதான் ஒக்காருவ. சரியா?"

அதற்கு நான் விலைபோனேன்.

அப்படித்தான் அத்தை, அம்மா, நான் மூவரும் பஸ் ஏறினோம். பாத்திரக் கடைக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை அடிக்கும், ஞாபகமிருக்கிறதா உங்களுக்கு? புளியும் செம்பும் கலந்த மாதிரி, நாக்கின் அடியில் புளிக்கிற வாசனை. கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு. சாக்கைக் கவிழ்த்தார்கள். தட்டில் மேலாக என் டம்ளர் உருண்டு வந்து நின்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பழசு சரியாக இருநூறு. அத்தையின் கணக்குத் தவறவில்லை. புது அண்டா அறுநூறு. என்ன மினுமினுப்பு! அதன் வயிற்றில் எங்கள் மூன்று முகமும் பூசணிக்காய் போலத் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் காது, காதில் கனத்த பித்தளை வளையம்.

கடைக்காரர் கணக்குப் போட்டார். "அறுநூறுல இருநூறு கழிச்சா நானூறு. வரி முப்பது. நானூத்தி முப்பது குடுங்கம்மா."

அத்தை சிரித்தாள். "வரி இருபதுங்க. தப்பாப் போட்டுட்டீங்க."

"எப்படிம்மா?"

"நாங்க குடுக்கறது நானூறு. இருபதுக்கு ஒண்ணுன்னா இருபதுதான?"

"நீங்க குடுக்கிற பணத்துக்கு வரி இல்லம்மா. நான் விக்கிற பொருளுக்கு வரி. பொருளு அறுநூறு. அதுல கொஞ்சத்தைப் பணமாக் குடுக்கறீங்க, கொஞ்சத்தைப் பித்தளையாக் குடுக்கறீங்க. எப்படிக் குடுத்தாலும் அண்டா அறுநூறு ரூவா அண்டாதானே?"

"எங்க பித்தளைக்கு நாங்களே வரி கட்டணுமா?"

"அந்தப் பித்தளைய நீங்க எனக்கு வித்துட்டீங்கம்மா. இப்ப அது என்னுது."

வெங்காயக் காட்டில் இருபது பெண்கள் மாற்றி மாற்றிப் போட்ட கணக்கு. ஒருத்திக்கும் இது தோன்றவில்லை. ஏன் தோன்றும்? வீட்டில் இருந்த செம்பும் குடமும் நம்முடையது, அதற்குப் போய் யார் வரி நினைப்பார்கள்? காசுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அத்தை கீழே உட்கார்ந்துவிட்டாள். விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினாள். அவள் கோபப்படுவாள் என்று நான் காதைப் பொத்தத் தயாராக இருந்தேன்.

"நியாயந்தாங்க" என்றாள்.

இதைத்தான் நான் இன்றைக்கும் வியக்கிறேன். படித்தவர்களே தோற்ற கணக்கில் கத்துவார்கள். அவளுக்குப் பத்து ரூபாய் குறைந்தது, மூன்று நாள் கூலிக்கும் மேலே. தப்பு நம் பக்கம் என்று தெரிந்ததும் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டாள்.

கடைக்காரர் நல்ல மனுஷர். குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு ஏம்மா மலைக்கிறீங்க? பில்லு வேணாம்னு சொல்லுங்க. நானூறோட எடுத்துட்டுப் போங்க. இருபது ரூவா ஒங்க கையில மிஞ்சும்."

அம்மா அத்தையின் முழங்கையைப் பிடித்தாள். "அண்ணி, வாங்கிட்டுப் போலாம். பொண்ணுக்கு ஒரு பொடவ எடுத்துரலாம்."

"ரேடியோவுக்கும் இப்படித்தான் சொன்னாங்க" என்றாள் அத்தை. அம்மாவின் கை தானாக விலகியது.

பாக்கி சொல்லவும் அத்தைக்கு மனமில்லை. பஸ் காசு தனியாக முடிச்சில் இருந்தது. அதைத் தொட்டால் அண்டாவைத் தலையில் வைத்துக் குன்னம் தாண்டி நடக்க வேண்டும், அப்போதும் பத்து ரூபாய் தேறாது. அத்தை எழுந்தாள். அண்டாவைச் சுற்றி வந்தாள். வளையத்தைத் தூக்கி, விட்டாள். டங் என்றது. மறுபடி தூக்கி, கையில் கனம் பார்த்தாள்.

"எடைக்குத்தானங்க வெல?"

"ஆமா."

"இந்த வளையம் ரெண்டையும் கழட்டிட்டு எடை போடுங்க."

கடைக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். "வளையம் இல்லாம எப்படிம்மா தூக்குவீங்க? சோறு வெந்தா என்ன கனம் கனக்கும்!"

"எங்க தெருவுல கைக்குப் பஞ்சமில்லீங்க."

கழற்றினார்கள். எடை போட்டார்கள். ஐந்நூற்றுத் தொண்ணூறு. விலை குறைந்ததும் வரியும் குறைந்தது பாருங்கள், இருபத்தொன்பது ரூபாய் ஐம்பது காசு. இரண்டும் சேர்த்து, பழசுக்கு இருநூறு கழித்தால், நானூற்றுப் பத்தொன்பது ரூபாய் ஐம்பது காசு. எங்கள் கையில் நானூற்றிருபது. அத்தை நோட்டுகளையும் சில்லறையையும் கொட்டியபோது அவள் நெற்றி வியர்த்திருந்தது, உதடு சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, அண்டாவைக் கட்டிக்கொண்டேன்.

"பில்லுல பேரு என்ன போட?"

"கீழத்தெருன்னு போடுங்க."

"ஆளு பேரு வேணும்மா."

"ஆளு பேருன்னா இருபது பொம்பளைங்க பேரையும் போடணும். எடம் இருக்கா?"

கடைக்காரர் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே "கீழத்தெருப் பெண்கள்" என்று எழுதி, ஊர்ப் பெயரையும் போட்டு, கையெழுத்து வைத்துக் கொடுத்தார். மீதி ஐம்பது காசு. வாசலில் பேர் வெட்டுகிறவர் சின்ன உளியோடு உட்கார்ந்திருந்தார். எழுத்துக்குப் பத்துக் காசு. கீழத்தெரு என்பதற்கு ஐந்து எழுத்து. புள்ளிக்குக் காசு இல்லை என்று அவரே தாராளம் காட்டினார்.

"இதுக்கும் வரி உண்டாங்க?" என்று அத்தை உள்ளே எட்டிக் கேட்டாள்.

"வேலைக் கூலிக்கு வரி கெடையாதும்மா."

"அப்ப நாங்க தப்பிச்சோம். எங்ககிட்ட அது ஒண்ணுதான் இருக்கு."

திரும்பும் பஸ்ஸில், அத்தை வாக்குத் தவறாமல், என்னை அண்டாவுக்குள் உட்கார வைத்தாள். பின்பக்கப் படிக்கு அருகே அண்டா, அண்டாவுக்குள் நான், விளிம்புக்கு மேலே என் தலை மட்டும். பஸ்ஸின் உறுமல் பித்தளை வழியாக என் முதுகெலும்பில் ஏறியது. நானே ஒரு மணி போல அதிர்ந்தேன். கண்டக்டர் வந்தார்.

"அண்டாவுக்கு லக்கேஜ் போட்டாச்சு. உள்ள இருக்கிற மகாராணிக்கு டிக்கெட்டு?"

"அது அண்டாவுலதான ஒக்காந்திருக்கு? ஒங்க பஸ்ஸுலயா ஒக்காந்திருக்கு?" என்றாள் அத்தை.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அரை டிக்கெட்டைக் கிழித்தும் கொடுத்தார்.

எங்கள் ஊரில் பஸ் மேலத்தெரு முக்கில்தான் நிற்கும். அப்பா கயிறும் கம்புமாகக் காத்திருந்தார். எதிரே டீக்கடை பெஞ்சில் தர்மகர்த்தா. அண்டா இறங்கியதும் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. வெயிலில் அது அப்படி ஜொலித்தது.

"என்னம்மா, அண்டா எங்கேருந்து வருது?" தர்மகர்த்தா எழுந்து வந்தார்.

"பெரம்பலூருங்க. வெலைக்கு வாங்கினது."

அவர் சுற்றி வந்து, காலியாக இருந்த காதில் விரலை விட்டார். "புது அண்டான்னா வளையத்தோடல்ல இருக்கும்? வளையத்தை எதுக்குக் கழட்டினீங்க? அடையாளம் தெரியக்கூடாதுன்னா?"

அப்பா கையிலிருந்த கயிறு கீழே விழுந்தது. அவர் முகத்தை நான் பார்த்தேன். வீங்கிய கன்னத்தோடு வந்த அன்று இருந்த அதே முகம். அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. பில்லுக்காக வளையத்தை விட்டோம், அந்த வளையம் இல்லாததே இப்போது திருட்டுக்குச் சாட்சியாகிறதே!

அத்தை இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். பில்லை அவரிடம் நீட்டவில்லை. என்னிடம் கொடுத்தாள்.

"படிடி. டீக்கடைக்குக் கேக்கணும்."

படித்தேன். கடையின் பேர், ஊர். வாங்கியவர், கீழத்தெருப் பெண்கள். பித்தளை அண்டா ஒன்று, வளையம் நீங்கலாக. ஐந்நூற்றுத் தொண்ணூறு.

"அதுக்குக் கீழ?"

"விற்பனை வரி, இருபத்தொன்பது ரூபாய் ஐம்பது காசு."

"கேட்டுக்கிட்டீங்களா? திருடின சாமானுக்கு எவனும் வரி கட்ட மாட்டானுங்க." அத்தையின் குரல் உயரவே இல்லை. "கோயில் அண்டாவுக்கு நீங்க எவ்ளோ கட்டினீங்க?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் குனிந்து சிரித்தார். தர்மகர்த்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினார்.

"தம்பி, கயித்த எடு" என்றாள் அத்தை.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். பில்லைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "இதுல வரி எங்க எழுதியிருக்கு?" காட்டினேன். அந்த வரிசையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "அஞ்சு ரூவா மிச்சம்னு நெனச்சேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு அப்பா தீப்பெட்டி வாங்கினால்கூடப் பில் கேட்கிறவர் ஆனார். பெட்டிக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

கல்யாணத்தன்று அண்டா அடுப்பேறியது. பழைய சேலைகளைத் திரித்துக் காதில் கோத்து, பக்கத்துக்கு நான்கு பெண்கள், "தூக்குடி, தூக்குடி" என்று ஒரே குரலில் கத்திக்கொண்டு அண்டாவை இறக்கினார்கள். ஆவிக்குள் அவர்களுடைய முகங்களே தெரியவில்லை, வளையல் சத்தம் மட்டும் கேட்டது. சோறு பூ மாதிரி வெந்திருந்தது. பந்தியில் அந்தச் செந்துறை மீசைக்காரர் மறுசோறு வாங்கிக்கொண்டிருந்தார். அத்தை நேரே அவர் இலைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எப்படிங்க சம்பந்தி, இன்னைக்கும் இலைக்கு இலை ருசி மாறுதுங்களா?"

"மாறலீங்கம்மா" என்றார் அவர், வாய் நிறையச் சோற்றோடு.

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு ஒரு நாள், தர்மகர்த்தா வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. முகூர்த்த நாள், டவுனில் பாத்திரம் கிடைக்கவில்லை. கோயில் அண்டாவில் சமையல். கை கழுவத் தண்ணீர் நிரப்பி வைக்க இன்னொரு அண்டா வேண்டும். எங்கள் அண்டாவில் சமைக்கவா கேட்பார்கள்? தண்ணீருக்குத்தான். முதலில் ஆள் வந்தான். "வேணுங்கறவங்க வரட்டும்" என்று அத்தை திருப்பி அனுப்பினாள். தர்மகர்த்தாவே வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் செருப்புச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை கொடுத்தாள். தெருப் பெண்கள் முணுமுணுத்தார்கள். "கேட்டா இல்லன்னு சொல்றதுக்கா அண்டா வாங்கினோம்? அந்த வேலைய அவரு பாத்துக்கிட்டாரு" என்று வாயை அடைத்தாள்.

இரண்டு நாள் கழித்து அண்டா வண்டியில் திரும்பி வந்தது. கூடவே தர்மகர்த்தாவும். அண்டாவின் இரண்டு காதிலும் புத்தம் புது வளையம்! தலைமுடி நரைத்துப் போயிருந்த அந்த மனுஷருக்கு, வாய் விட்டுச் சொல்ல முடியாததை அப்படிச் செய்துவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"வளையம் இல்லாம ஒங்களுக்கும் சிரமமா இருக்குமேன்னு... நானே வாங்கிப் போட்டேன்" என்றார்.

தெருவே கூடிவிட்டது. அத்தை வளையத்தைத் தூக்கி, விட்டாள். டங். அடுத்ததையும் தூக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இதுக்குப் பில்லு வச்சிருக்கீங்களா?"

அப்பா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தர்மகர்த்தா அத்தையைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பாவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பில்லு வாங்கலம்மா" என்றார்.

அத்தை உள்ளே போய்க் குறடு எடுத்து வந்து, வளையம் இரண்டையும் கழற்றி, துணியில் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. பில்லு இல்லாத சாமான் எங்க தெருவுக்குள்ள வந்தா என்ன ஆவும்னு ஒங்களுக்கே தெரியும்."

அவர் போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் மத்தியானப் பஸ்ஸில் பெரம்பலூரிலிருந்து இறங்கி, நேரே எங்கள் தெருவுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்தார். அத்தையிடம் நீட்டவில்லை. அப்பாவிடம் நீட்டினார். அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார்.

"படிடி" என்றாள் அத்தை என்னிடம்.

"பித்தளை வளையம் இரண்டு. பன்னிரண்டு ரூபாய். விற்பனை வரி அறுபது காசு."

"சரியாப் போட்டிருக்கானா பாரு."

இருபதுக்கு ஒன்று. பன்னிரண்டுக்கு அறுபது காசு. மனசுக்குள் இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.

"சரியா இருக்கு அத்தை."

அப்பா பில்லை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு குறட்டை எடுத்து, தரையில் உட்கார்ந்து, வளையத்தை மாட்ட ஆரம்பித்தார்.